ஆட்சேபணை உள்ளவர்கள் பதினான்கு நாள்களுக்குள்

பன்னிரண்டாம் நாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். அப்போதுதான் கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷினைப் போட்டிருந்தேன். கையிலிருந்த மராத்திப் பேப்பரை நான்காக மடித்து, ஆறாம் பக்கம் மேலே தெரியும்படி என் மேஜையில் வைத்தாள். கீழ் மூலையில் இருந்த ஒரு ஜாஹிர் நோட்டீஸை, அதாவது பொது அறிவிப்பைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தது. “இத இங்கதான குடுத்தாங்க?” என்றாள். இருபத்தைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நான் புக் செய்த நோட்டீஸைப் படித்துவிட்டு ஒருவர் கடை தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று வெளியாட்கள் கேட்கலாம். தாராவி தொண்ணூறடி ரோட்டில் வந்து ஒரு வாரம் என் கடையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அப்பா செத்தால் அவர் பெயரில் இருந்த ஒற்றை ரூம் வீடு பிள்ளைகள் பெயருக்கு மாற வேண்டும். மாற வேண்டுமானால் வாரிசு இவர்கள்தான், வேறு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் பதினான்கு நாள்களுக்குள் வக்கீலிடம் சொல்லுங்கள் என்று பேப்பரில் போட வேண்டும். சட்டம் எதற்காக அப்படிச் சொல்கிறது? நாலு பேருக்குத் தெரியட்டும் என்று. வருகிறவர்கள் என்னிடம் என்ன கேட்கிறார்கள்? யாருக்கும் தெரியக் கூடாது என்று. நோட்டீஸ் வந்ததற்குக் கட்டிங் வேண்டும், அது யார் கண்ணிலும் படவும் கூடாது. அதற்குத் தோதான பேப்பர் எது, அதில் எந்தப் பக்கம், எந்தக் கிழமை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த ஆறுமுகநயினாரிடம் கொடுத்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடியும் என்று ஏரியாவில் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் கோடு போட்டுக் கொண்டுவந்த நோட்டீஸ் பாபு கொடுத்தது. முறுக்குக் கம்பெனி சங்கரநாராயணன் அண்ணாச்சியின் மகன். அண்ணாச்சி இரண்டு மாதத்துக்கு முன்னால் போய்விட்டார். தாராவியை இடித்துக் கட்டப்போவதற்காக சர்வே ஆட்கள் ரூம் ரூமாக எண் போட்டுக்கொண்டிருக்கிற சமயம். இந்த மாதக் கடைசிக்குள் வாரிசுக் காகிதம் கொடுக்காவிட்டால் ரூம் செத்தவர் பெயரிலேயே நின்றுபோகும். பாபு மட்டுமே வாரிசு என்று நான்தான் மராத்தியில் டைப் அடித்தேன். மத்தியானத்தில் என் கடையில் மேஜை போட்டு உட்கார்கிற வக்கீல் கையெழுத்துப் போட்டார். ஆட்சேபணைக்குக் கொடுத்த முகவரியும் என் கடைதான்.

“நீங்க யாரும்மா?” என்று கேட்டேன்.

“மக.”

ஏரியாவில் எல்லாரும் சொல்லிப் பழகியபடி, அண்ணாச்சிக்கு மகள் கிடையாதே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவள் இன்னொன்றை எடுத்து வைத்தாள். பழைய பேப்பர் கட்டிங். லேமினேட் செய்திருந்தாள். எடுத்துப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. ‘என் மகள் ஷர்மிளா என் சொல்லை மீறி வீட்டை விட்டுச் சென்றுவிட்டபடியால், இன்று முதல் அவளுக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. அவளுடைய வரவு செலவுகளுக்கு நான் பொறுப்பல்ல.’ இரண்டாயிரத்து ஐந்தில் நான் எழுதிக் கொடுத்தது. அப்போது எனக்குச் சின்ன வயது. ‘எவ்விதச் சம்பந்தமும்’ என்பதை மராத்தியில் சரியாகக் கொண்டுவந்துவிட்டேன் என்று அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளை வேறு சாதியிலோ மதத்திலோ கல்யாணம் செய்துகொண்டு போனால், அழுது முடித்த மறுநாள் பேப்பரில் நோட்டீஸ் போட்டுவிடுவார்கள். கோர்ட்டில் அது காலணாவுக்குப் பெறாது என்று எந்த வக்கீலைக் கேட்டாலும் சொல்வார். எங்கள் ஆட்களுக்கு அச்சில் வந்துவிட்டால் அதுவே தீர்ப்பு. தாயில்லாத இரண்டு பிள்ளைகளை முறுக்குப் பிழிந்து வளர்த்த மனுஷர் அண்ணாச்சி. மூத்தவள் ஷர்மிளா, பை தைக்கிற முகைதீனோடு போய்விட்டாள். அந்த வாரமே அவர் என் கடைக்கு வந்தார்.

“ஒக்காரும்மா,” என்றேன். நாற்பது, நாற்பத்தொன்று வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. தாதரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை, வீடு டோம்பிவிலி, காலை ஏழேகால் லோக்கல் ரயில் என்று கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குத் தாங்கவில்லை. “இந்தப் பேப்பர் ஒனக்கு எங்கம்மா கெடச்சுது? யாரும் குடுத்தாங்களா?” என்றேன்.

“நான் தெனமும் வாங்குதேன் அண்ணாச்சி.”

“இந்தப் பேப்பரயா?”

“எங்க ஸ்டேஷன் ஸ்டாலுக்கு மூணு காப்பி வரும். ஒண்ணு எனக்கு.” லேமினேட் செய்த கட்டிங்கைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். “எங்கப்பா இத எனக்குப் போஸ்ட்ல அனுப்புனாரு. லெட்டர் ஒண்ணும் வைக்கல. பேப்பர மட்டும் முழுசா மடிச்சு வச்சிருந்தாரு. எனக்கு எங்கப்பாவத் தெரியும். கோவம் வந்தா பேச மாட்டாரு. கோவம் தணிஞ்சாலும் வாயால சொல்ல மாட்டாரு. பேப்பர்ல போட்டு அறுத்தாரு இல்ல, சேக்கறதுனாலும் பேப்பர்லதான் போடுவாருன்னு இருந்தேன். அதான், வண்டில ஏறுனதும் ஆறாம் பக்கத்தப் பாத்துருவேன்.”

“லீவு நாள்லயுமா?”

“லீவு நாள்ல ஸ்டேஷனுக்கு நடந்து போய் வாங்கிட்டு வருவேன். கொரோனால ரெண்டு மாசம் பேப்பரே வரல. அப்ப மட்டும் பாக்கல.”

பத்தொன்பது வருஷம். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். காணாமல்போன பாஸ்புக், பெயர் மாற்றம், பாங்கு ஏலம், தொலைந்த ஷேர் பத்திரம், பங்காளிச் சண்டை என்று அந்தப் பக்கத்தில் வருகிற அத்தனையையும் தினமும் கூட்ட நெரிசலில் நின்றுகொண்டே ஒருத்தி வாசித்திருக்கிறாள். அவற்றில் பாதி நான் அடித்தவை. யார் படிக்கப்போகிறார்கள் என்று தேதியைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் அனுப்பியவை. விளையாட்டாக நூறு கிலோ மூட்டையைத் தூக்குகிறவனைப் பார்த்தாலும், பத்து விரலும் தெரியாத வேகத்தில் பூக் கட்டுகிறவளைப் பார்த்தாலும் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பவன். ஆனால் அன்று அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. எழுந்து நின்றும்விட்டேன். டீ சொல்லப் போகிறவன் மாதிரி நடித்துச் சமாளித்தேன்.

டீ வந்ததும் சொன்னாள். “அப்பா செத்ததே இந்த நோட்டீஸ்லதான் தெரிஞ்சுது. வந்த அன்னைக்கே பாத்துட்டேன். தாணா தாண்டும்போது பாத்தேன். அன்னைலேந்து பதினோரு நாளு துக்கம் இருந்தேன். எங்க வீட்டுக்காரரும் ஒண்ணும் சொல்லல, கூடவே கறி மீன் இல்லாம இருந்தாரு. நேத்தோட முடிஞ்சுது. அதான் இன்னைக்கு வந்தேன். இன்னும் ரெண்டு நாள் இருக்குல்லா?”

“இருக்கும்மா,” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி இருக்க முடியவில்லை. “இத எழுதுனது நாந்தான்,” என்று கட்டிங்கைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள், அதில் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. “இன்னொண்ணும் இருக்கு,” என்றேன்.

கொரோனா முடிந்த மறுவருஷம் அண்ணாச்சி கடைக்கு வந்திருந்தார். பள்ளிக்கூட அட்மிஷனுக்கு அஃபிடவிட் எடுக்கிற கூட்டம் வாசல்வரை நின்றது. நனைந்த குடையை மடக்கிக்கொண்டு, “நயினாரு, பேப்பர்ல போட்டத வாபஸ் வாங்க முடியுமாடே?” என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. பாஸ்போர்ட் தொலைந்தால் நோட்டீஸ் இருக்கிறது, பேர் மாற்றினால் இருக்கிறது, இதற்கெல்லாம் வழக்கத்தில் கிடையாது அண்ணாச்சி என்றேன். அவர் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னது பொய்யில்லை. என் கம்ப்யூட்டரில் இருக்கிற நாற்பது மாதிரிகளில் அப்படி ஒன்று இல்லைதான். இல்லாவிட்டால் என்ன, நாற்பத்தொன்றாவதை எழுத எனக்குத் தெரியாதா? அதைத்தான் அவளிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

“கேட்டாரா?”

“கேட்டாரும்மா.”

“தனியா வந்தாரா, யாரும் கூட்டிட்டு வந்தாங்களா?”

“தனியாத்தான்.”

“எந்த மாசம்?”

“மழ நேரம். ஜூலையா இருக்கும்.”

அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்ப நானும் படிச்சிட்டுத்தான் இருந்தேன்,” என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். குரல் மாறிவிட்டது. பல் டாக்டர் கடையில் டோக்கன் எண் கூப்பிடுகிற குரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். “ஆட்சேபணை எழுதிக் குடுத்தா பாபு வேல நின்னுரும்லா?”

“நின்னுரும்.”

“நிறுத்துறதுக்கு நான் வரல. அதே பேப்பர்ல அதே பக்கத்துல புதுசா நோட்டீஸ் வரணும். சங்கரநாராயணன் மக ஷர்மிளான்னு அச்சுல வரணும். அத அவன் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இல்லன்னா ஆட்சேபணைய இப்பவே எழுதுதேன்.”

“பங்கு?”

“பங்கு இருக்கு. வேண்டாம்னு நான் சொல்லல. அத பெறகு பேசிக்கலாம். மொதல்ல பேரு.”

வக்கீலுக்குப் போன் செய்தேன். ஆதார் கார்டைப் பார்த்தீரா என்றார். பார்த்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் அதில் அப்பா பெயர்தான் இருந்தது. திருத்த நோட்டீஸ்தான், பழைய கெடுவே போதும், மாற்றி அடியும் வேய் என்றார். பாபுவுக்கும் போன் செய்து, ஒரு கையெழுத்துப் பாக்கி இருக்கிறது, உடனே வா என்று மட்டும் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினான். முன்னங்கையெல்லாம் மாவு. உள்ளே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் போனபோது அவனுக்குப் பதினேழு வயது. அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டு, எண்ணெய் தேய்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவள்தான் என்று அவர்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பில் எல்லாருக்கும் தெரியும்.

“இவள எதுக்கு உள்ள ஒக்கார வச்சிருக்கிய?” என்று என்னிடம் கேட்டான்.

விஷயத்தைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. “அப்பா அன்னைக்கே பேப்பர்ல போட்டாச்சு. அதோட முடிஞ்சுது. இவளுக்கு என்ன இருக்கு?”

“அது கோர்ட்டுல செல்லாதுடே. எழுதுன நானே சொல்லுதேன்.”

“பெறகு எதுக்கு அன்னைக்குத் துட்டு வாங்குனிய?”

ஷர்மிளா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை. “பதினஞ்சு வருசமா கம்பெனிய நான் பாத்தேன். ஆஸ்பத்திரில அவருக்குப் பீ மூத்திரம் நான் அள்ளுனேன். இப்ப வந்து...” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“நீதான் பாத்த,” என்றாள் ஷர்மிளா. “என்னால பாக்க முடியாமப் போச்சு.”

மெஷினிலிருந்து புரூப்பை எடுத்து அவனிடம் நீட்டினேன். கொடுக்கிறவர் கையெழுத்து இல்லாமல் பேப்பர் ஆபீஸில் வாங்க மாட்டார்கள். மாசக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, அது அவனுக்கும் தெரியும். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மராத்தி படித்தவன், நன்றாக வாசிப்பான். காகிதத்தை வாங்கி, வெளிச்சத்துக்காக ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு படித்தான். மறைந்த சங்கரநாராயணனின் சட்டப்படியான வாரிசுகள்: ஒன்று, பாபு, மகன். இரண்டு, ஷர்மிளா, மகள். துட்டு கொடுக்கிற பார்ட்டியின் பெயரை முதலில் போடுவது என் வழக்கம்.

படித்து முடித்தான். மறுபடியும் மேலேயிருந்து படித்தான். சட்டைப் பையைத் தடவியபோது பேனா இல்லை. நான் கொடுத்தேன். புரூப்பைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அதோடு கொடுத்துவிடுவான் என்று கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை.

“நம்பரு தப்பா இருக்கு,” என்றான்.

என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. அவன் இரண்டு பெயர்களுக்கும் நடுவில் வளைத்து ஒரு கோடு போட்டான். ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினான், இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினான். மாவுக் கை காகிதத்தில் அப்பியது.

“அவதான மூத்தவ,” என்று என்னிடம் சொன்னான்.

நான் புரூப்பை வாங்கி ஷர்மிளாவின் முன்னால் வைத்தேன். அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தாள், இரண்டு எண்களையும் விரலால் தொட்டாள். பிறகு பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியைக் காலி செய்தாள். பாபு வாசல்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தான்.