விமானியின் தலை

வயிற்றுப்பக்கம் எப்போதும் வானத்தின் நிறம், வெளிர்நீலத்தில் சாம்பல் கலந்தது, கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனின் கண்ணுக்கு விமானம் தட்டுப்படக் கூடாதென்று அப்படி, முதுகுக்கு இரண்டு வகைச் சாம்பல், மேலே இருந்து குனிந்து பார்க்கிறவனுக்கு அது வெறும் நிலமாகத் தெரியவேண்டும், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலின் வெளிச்சத்தில் தவநேசன் ஜன்னலோர மேசைக்கு முன்னால் இருந்து, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த அந்த மெஸ்ஸர்ஷ்மிட் பொம்மை விமானத்தை இடது கையில் கவிழ்த்துப் பிடித்தபடி அதன் வயிற்றுக்கு நிறம் தெளித்துக்கொண்டிருக்கிறான், மேசைக்குக் கீழே காற்றடிக்கும் சிறிய மெஷின் உறுமுகிறது, காற்று நிறைந்ததும் தானே அடங்குகிறது, பிறகு மறுபடி உறுமுகிறது, அது உறுமும்போது அவனுக்குள் ஒன்றும் இருப்பதில்லை, விரலில் ஒட்டிய நிறம் காய்வது மட்டும் தெரிகிறது, இந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் கிழமை முழுக்க ரொட்டித் தொழிற்சாலையில் பொதிகள் ஓடிவரும் பட்டியின் முன்னால் நின்றுவிட்டு அவன் ஞாயிறு வரக் காத்திருக்கிறான். அவனுடைய மனைவி வதனிக்கு இது விளங்குவதில்லை, முதியோர் இல்லத்தில் வேலைசெய்துவிட்டு வந்து கால்களைச் சுடுதண்ணீரில் வைத்தபடி அவள் சொல்வாள், இஞ்சேருங்கோ, உலகத்தில வேற ஒண்டும் கிடைக்கேல்லையே உங்களுக்கு, குண்டுக்குத் தப்பி ஓடிவந்த ஆக்கள் நாங்கள், வீட்டுக்க சண்டை பிளேன் கட்டி அடுக்கி வைச்சிருக்கிறியள், வாற சனம் என்ன நினைக்கும், அவன் நிமிராமலே சொல்வான், சும்மா பொழுது போகத்தானேயப்பா, அவ்வளவுதான், அதற்குமேல் இருவருக்கும் அந்தப் பேச்சு போவதில்லை, கல்யாணம் பேசி வந்தவர் வதனியின் வீட்டில் ஒரே வரியில் சொன்னது, பெடியனுக்கு ஊரில் ஒருவருமில்லை, தாய் நோயில் போய்விட்டாள், கூடப்பிறந்த பெண்பிள்ளை ஒருத்தி பிளேன் போட்ட குண்டில் செத்துப்போனாள், வதனிக்கு அந்த ஒரு வரிதான் தெரியும், அவன் படம் வைத்ததில்லை, திவசம் கொடுத்ததில்லை, அவளும் புண்ணைக் கிளறக்கூடாதென்று கேட்கவில்லை, கேட்காமலே பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி விசாரணை நடந்த அறையில் ஒரு அதிகாரி இருந்தார், மெலிந்தவர், கடுமையில்லாத குரல், குண்டு விழுந்ததைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார், எந்த ஊர், எந்த மாதம், காலையா மாலையா, பிறகு கேட்டார், அது எந்த வகை விமானம், மொழிபெயர்க்க வந்தவர் தமிழில் திருப்பிக் கேட்டபோது தவநேசன் சொன்னான், பார்க்கேல்லை, பங்கருக்க இருந்தனாங்கள், சத்தம்தான் கேட்டது, அதிகாரி தலையசைத்துவிட்டு ஏதோ சின்னதாக டைப் செய்தார், அந்தக் கேள்வியில் ஒரு பிழையுமில்லை, யாரும் கேட்கக்கூடியதுதான், ஆனால் தன் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய காரியத்தைத் தான் கண்ணால் பார்க்கவேயில்லை என்பது அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் அவனுக்குத் தெரியவந்தது, அந்த அறையை விட்டு வெளியே வந்து ரயில் நிலையத்துக்கு நடந்து போகிறான், இப்போதும் போய்க்கொண்டிருக்கிறான், வழியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை, கண்ணாடிக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக விமானங்கள், மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறப்பதுபோல் ஓவியம், உள்ளே திறந்தால் சாம்பல்நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் கொத்துக் கொத்தாகத் துண்டுகள், இறக்கை, சக்கரம், சுழலி, இருக்கை, வெட்டியெடுத்து ஒட்டினால் விமானம், அவன் தேடிய விமானம் எந்தக் கடையிலும் இல்லை, அதன் பெயரே தெரியாதவன் எப்படித் தேடுவது, அங்கே இருந்தவை இந்த நாட்டின் பழைய போர்விமானங்கள்தான், மெஸ்ஸர்ஷ்மிட், ஃபொக்க வுல்ஃப், ஒன்றை எடுத்தான், கட்டினான், பசை வழிந்து விரல்ரேகை பதிந்து அசிங்கமாக வந்தது, இன்னொன்றை எடுத்தான், மூட்டுத் தெரியாமல் தேய்க்கப் பழகினான், பக்கங்களில் புகைபோலப் புள்ளி தெளிக்கப் பழகினான், மூக்குக் கூம்பில் வெள்ளைச் சுருள்கோடு மூச்சை அடக்கி இழுக்கப் பழகினான், வாலில் இருக்கவேண்டிய நாஜி ஸ்வஸ்திகாச் சின்னம் இந்த நாட்டில் விற்கும் பெட்டிகளில் வராது, சட்டம் அப்படி, அந்த இடத்தை அவன் வெறுமையாகவே விட்டான், ஒன்றை மட்டும் அவனாகவே செய்யவில்லை, பெட்டிக்குள் வரும் விமானி பொம்மையை அவன் ஒருபோதும் வெளியே எடுத்ததில்லை, அலமாரியில் நின்ற எல்லா விமானங்களிலும் இருக்கை வெறும் இருக்கை.

கீழ்வீட்டுத் திருமதி, ஃப்ராவ் லோமன், வந்தது அந்த மெஷினைப் பற்றி முறைப்பாடு சொல்ல. எண்பது தாண்டியவள், தனி ஆள், அவளுடைய தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தவநேசன்தான் படியேற்றிக் கொடுப்பான், அதனால் கோபத்தையும் மரியாதையாகத்தான் கொண்டுவந்தாள், மன்னிக்கவேண்டும் ஹெர் தவா, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடைய கூரை உறுமுகிறது, என்னால் படுக்கமுடியவில்லை, வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது, அவன் மன்னிப்புக் கேட்டு, இனி போடமாட்டேன் என்று சொல்லி, என்ன மெஷின் என்று காட்டுவதற்காக உள்ளே கூப்பிட்டான், அவள் மெஷினைப் பார்க்கவில்லை, அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டாள், கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள், பிறகு ஒரு விமானத்தை விரலால் காட்டி, தொடாமல், இது குஸ்டாவ் என்றாள், அந்த வகைக்கு அப்படி ஒரு செல்லப்பெயர் இருந்தது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான், என் அப்பா இதில்தான் போனார் என்றாள், போனார் என்ற சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், வேலைக்குப் போனார் என்பதுபோல. அடுத்த ஞாயிறு ஒரு புகைப்படத்தோடு வந்தாள், பனி படிந்த புல்வெளியில் விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு இளைஞன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி, விமானத்தின் பக்கத்தில் ஒன்பது என்ற எண், இதைக் கட்டித்தருவீர்களா ஹெர் தவா, ஒன்பதாம் எண், அவரை உள்ளே இருத்தி, என்னிடம் இருக்கிற படங்களிலெல்லாம் அவர் நிலத்தில்தான் நிற்கிறார், எனக்கு இரண்டு வயது அப்போது, அவர் பறந்ததை நான் பார்த்ததேயில்லை. தவநேசன் படத்தைத் திருப்பிக் கொடுக்க நினைத்தான், விமானியை இருத்துவதில்லை என்று சொல்ல நினைத்தான், சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள், அதனால் சரி என்றான். வாலில் அந்தச் சின்னம் இருந்தது என்றாள் அவள் வாசலில் நின்று, இருந்தது உண்மை, போடவேண்டாம், அவர் நல்ல மனிதரா என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, அம்மா நல்லவர் என்றாள், எல்லா அம்மாக்களும் அப்படித்தானே சொல்வார்கள்.

ஆக இப்போது அவன் வயிற்றுக்கு நிறம் தெளிப்பது அந்த ஒன்பதாம் எண்ணுக்கு, ஃப்ராவ் லோமன் தன் தங்கையின் மகள் வீட்டுக்குப் போகிற ஞாயிறுகளாகப் பார்த்து மெஷினைப் போடுகிறான், நிறம் காய்ந்ததும் புள்ளிகள், பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றி ஒட்டும் மெல்லிய படங்கள், சிலுவைகள், எண், எல்லாம் வழக்கம்போல் கை தன்பாட்டில் செய்துகொண்டு போகிறது, கடைசியில் விமானி, பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்தபோது பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, தலை வேறு துண்டு, பல்குத்தும் குச்சி நுனியில் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு முகத்துக்குத் தோல்நிறம் பூசினான், தலைக்கவசத்துக்குக் கபில நிறம், கண் வரையத் தேவையில்லை, இந்த அளவில் கண் வரைந்தால் பயந்த பொம்மைபோல் ஆகிவிடும், மண்ணிறத்தை நீர்த்துப் புருவத்துக்குக் கீழே ஒரு துளி விட்டால் அந்தப் பள்ளமே பார்வையாகிவிடும், விட்டான், அது அவனைப் பார்த்தது, பார்த்ததென்று ஒரு பயமும் வரவில்லை, கோபமும் வரவில்லை, குச்சியை அழிரப்பரில் குத்தி நிறுத்திவிட்டுக் கைகழுவப் போனான், அந்தக் கிழமை முழுக்கப் பட்டியில் ரொட்டிப் பொதிகள் ஓடிவரும்போது ஒரேயொரு கேள்விதான் கூடவே ஓடிவந்தது, தலையை எந்தப் பக்கம் பார்க்க ஒட்டுவது, நேராகவா, பக்கமாகவா, கீழேயா, வேலைத்தலத்தில் பக்கத்தில் நின்ற துருக்கிக்காரன் என்ன தவா, சுகமில்லையா என்று கேட்டான், சுகம் என்றான்.

ஞாயிறு ஃப்ராவ் லோமனைக் கூப்பிட்டான். வதனி அன்று வீட்டில், கோப்பி போடுகிறேன் என்று குசினிக்குப் போனாள், ஃப்ராவ் லோமன் மேசைக்கு முன்னால் இருந்து மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒன்பதாம் எண்ணைப் பார்த்தாள், தலையில்லாத உடம்பு இருக்கையில் இருந்தது, தலை குச்சியில் இருந்தது, அவன் கேட்டான், எந்தப் பக்கம் பார்க்கவேண்டும். அவள் யோசிக்கவேயில்லை, மேலே என்றாள், மேலேதான், குண்டு போடுகிறவர்கள் மேலே வந்தார்கள், நூற்றுக்கணக்கில், எங்கள் ஊரில் ஒரு தெரு மிச்சமில்லை, நாங்கள் நிலவறைக்குள், எனக்கு அம்மாவின் மேலங்கி மணம் மட்டும் ஞாபகமிருக்கிறது, ஈரக்கம்பளி மணம், பிறகு அந்த உறுமல், அது வயிற்றுக்குள் கேட்கும், அம்மா என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாளாம், அப்பா மேலே போயிருக்கிறார், அப்பா அவர்களை நிறுத்திவிடுவார் என்று, அவர் ஒன்றையும் நிறுத்தவில்லை, அந்த இலையுதிர்காலத்தில் அவரே விழுந்துவிட்டார், ஆனாலும் மேலே பார்க்கட்டும். தவநேசன் கத்தியால் கழுத்தின் பின்பக்கத்தைக் கொஞ்சம் சீவினான், தலையை வைத்துப் பார்த்தான், போதவில்லை, இன்னும் சீவினான், இப்போது மோவாய் நிமிர்ந்தது, ஏன் கேட்டீர்கள் என்றாள் ஃப்ராவ் லோமன், எல்லா விமானியும் முன்னால்தானே பார்ப்பான், ஏன் கேட்டீர்கள்.

எங்களுக்கு மேலே வந்தவன் கீழே பார்த்தானா என்று எனக்குத் தெரியவேண்டும் என்று அவன் சொன்னான், ஜெர்மனில் சொன்னான், தொழிற்சாலையில் பழகிய, குறைந்த சொற்களுள்ள, நேர்க்கோடான ஜெர்மனில், மண்ணில் வெட்டிய பங்கருக்குள் நாங்கள் மூன்றுபேர், அம்மா, நான், என்னுடைய சகோதரி, அவளுக்குப் பதினாறு வயது, சத்தம் வந்தது, போனது, போய்விட்டது என்று நினைத்தோம், அவள் சொன்னாள் அடுப்பில் சோறு கரிகிறது, மணம் வருகிறது என்று, எங்களுக்கும் வந்தது, அம்மா இரு என்றாள், அவள் சிரித்துக்கொண்டு ஏறிப்போனாள், சத்தத்தை வைத்துப் பார்த்தால் சிறிய விமானம், அது திரும்பி வந்தது, அந்த நேரம் அவள் முற்றத்தில் நின்றாள், பட்டப்பகல், சிவப்புப் பாவாடை, கீழே பார்த்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும், ஒரு பெண்பிள்ளை, கையில் அகப்பை, பார்த்தானா பார்க்கவில்லையா என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பொதி கட்டும் பட்டியில் வந்த பழுதை மேற்பார்வையாளரிடம் சொல்வதுபோல் சொல்லி முடித்தான், குரல் ஓரிடத்திலும் தடக்கவில்லை, சொல்லும்போதே பசைத்துளியைக் கழுத்தில் வைத்துத் தலையை ஒட்டி, பிடிப்பதற்காக விரலால் தாங்கிக்கொண்டிருந்தான். நீங்கள் அதை அறியமாட்டீர்கள் ஹெர் தவா என்றாள் ஃப்ராவ் லோமன், இல்லை என்றான் அவன், அறியமாட்டேன், நானும் அப்படித்தான் என்றாள் அவள், என் அப்பா எதையெல்லாம் பார்த்தார், யார்மேல் சுட்டார், எதுவும் அறியமாட்டேன், அவர் பிரான்சிலும் இருந்தார், கிழக்கிலும் இருந்தார், அங்கே தெருவில் யாராவது நின்றிருப்பார்கள்தானே. பசை பிடித்தது, அவன் விரலை எடுத்தான், விமானி மேலே பார்த்தபடி இருந்தான், இருக்கையின் கண்ணாடி மூடியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, ஒரு அட்டைப் பெட்டியின் மூடியில் விமானத்தை ஏந்தி அவளோடு படியிறங்கி, அவள் காட்டிய இடத்தில், வானொலிக்குப் பக்கத்தில் வைத்தான், அவள் அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள், கதவுவரை வந்து, அந்த மெஷினை இனி நான் இருக்கும்போதும் போடுங்கள், என்னவென்று தெரிந்தால் பரவாயில்லை என்றாள்.

மேலே வந்தபோது கோப்பித் தட்டு அறைவாசலில் நிலத்தில் இருந்தது, மூன்று கோப்பையும் ஆறி ஆடை பிடித்து, வதனி அவனுடைய கதிரையில் இருந்தாள், அவள் அந்தக் கதிரையில் இருந்து அவன் பார்த்ததில்லை, முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் கிழவர்களோடு பேசிப் பேசி அவனைவிட நல்ல ஜெர்மன் அவளுக்கு. கேட்டனான் என்றாள். ஓம் என்றான். அவள் மேசையில் கிடந்த பிளாஸ்டிக் துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள், ஒரு ஜெர்மன்காரிக்குச் சொல்லியிருக்கிறியள், எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை, கோபத்தில சொல்லேல்லையப்பா, சும்மா கேக்கிறன், எனக்கு ஏன் சொல்லேல்லை. அவன் நின்றபடி யோசித்தான், உண்மையாகவே யோசித்தான், தமிழில சொல்ல வரேல்லை என்றான். அவள் தலையை ஆட்டினாள், பிறகு கேட்டாள், ஜெர்மன்ல ஸ்வெஸ்டர் எண்டுதான் சொன்னனியள், ஸ்வெஸ்டர் எண்டா எதுவாயுமிருக்கலாம், இவ்வளவு காலம் உங்களோட இருந்திட்டன், அக்காவோ தங்கச்சியோ எண்டுகூட எனக்குத் தெரியாது.

அவன் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றான், வதனி எழும்பி வந்து பக்கத்தில் நின்றாள், தொடவில்லை, அவசரப்படுத்தவில்லை, வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம், அந்தச் சொல் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரிந்தது, தொண்டைக்குக் கீழே, ஒரு முழுங்கல் தூரத்தில், பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பதிலாக நாளெல்லாம் அவன் அதையே சொல்லிக் கூப்பிட்ட ஒரு முற்றம் இருந்தது, கிணற்றடி இருந்தது, அங்கிருந்து என்னண்ணா என்று ஒரு குரல் வரும், அவன் வாய் திறந்தான், தங்கச்சி என்றான், சொன்னதும் வதனி கதிரையை இழுத்து அவனுக்குப் பின்னால் வைத்தாள், அவன் இருந்தான், பேரென்ன என்று அவள் கேட்டாள், சாந்தரூபி, அம்மா ரூபி எண்டு கூப்பிடுறவ என்றான், அவள் வேறொன்றும் கேட்காமல் நிலத்தில், அவனுடைய காலடியில் இருந்துகொண்டாள், சொல்லுங்கோ என்றாள், ரூபியைப் பற்றி.