நாற்பத்திரண்டு பேர்

தலைநகரத்திலிருந்து வரும் எந்தக் கேள்விக்கும் வடக்கு வட்டார ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் பதில் ஓர் எண்தான். எத்தனை வண்டி, எத்தனை பம்பு, எத்தனை ஆள் என்று கேட்பார்கள். ஏழு துறைகளின் கிளை அலுவலகங்களும் ஆளுக்கொரு எண்ணை அனுப்பிவைக்கும். ஒருங்கிணைப்பு அதிகாரி அவற்றைக் கூட்டி, அடியில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவாள். 'கூட்டல் மேடம்' என்று தனக்குப் பட்டப்பெயர் இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி ஆறு வருடங்களை ஓட்டிவிட்டாள்.

பெயர்ப் பட்டியல் கேட்டால் வம்பு. இவர் லீவில் இருக்கிறார், அவரை ஏன் போட்டீர்கள் என்று ஏழு அலுவலகமும் சண்டைக்கு வரும். எண் வாயைத் திறக்காது. அதனால் அவசரப் பணிக்குத் துறைக்கு ஆறு பேர், ஏழு துறைக்கும் மொத்தம் நாற்பத்திரண்டு. போன வருடம் இந்த எண்ணைப் பார்த்து மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதே கையோடு, இவ்வளவு பேர் இருக்கும் வட்டாரத்துக்குப் புதிய பணியிடம் எதற்கு என்று அவள் கேட்டிருந்த ஐந்து இடங்களையும் ரத்து செய்தது. கடிதத்தை மட்டும் அவள் சட்டம் போட்டு மாட்டினாள்.

மூன்று நாளாக மழை. இங்கே பரவாயில்லை, கிழக்கு வட்டாரத்தில்தான் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. காலை பத்து மணிக்குத் திரையில் தோன்றிய இயக்குநர் சுற்றி வளைக்கவில்லை.

"உங்ககிட்ட நாற்பத்திரண்டு பேர் இருக்காங்க. இருபது பேரைக் கிழக்குக்கு அனுப்புங்க. ரெண்டு மணிக்குள்ள பஸ் கிளம்பணும்."

"சரிங்க சார்" என்றாள். ஆறு வருடமாகச் சொல்லிப் பழகிய வாய், தானாகவே சொல்லிவிட்டது.

கிழக்கின் ஒருங்கிணைப்பு அதிகாரி அவளோடு பயிற்சியில் இருந்தவர், வயதில் சிறியவர். கூட்டம் முடிந்த அடுத்த நிமிடமே கூப்பிட்டார். "அக்கா, உங்களாலதான் உயிர் வந்துச்சு. என் ஆளுங்க முப்பத்தாறு பேரையும் வடகரையில மணல் மூட்டை அடுக்க அனுப்பியாச்சு. தென்கரையில நாலு தெரு ஜனம் இருக்கு. அது உங்க இருபது பேர் பொறுப்பு."

"கவலைப்படாதீங்க தம்பி, வந்துருவாங்க."

சிக்கலைக் கிளப்பியது வண்டிப் பிரிவு குமாஸ்தா. பேர் இல்லாமல் பயணச்சீட்டு போட முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். வேறு வழியில்லாமல் ஏழு துறைக்கும் போன் போட்டு, பெயர்களைக் கேட்டுத் தன் கையாலேயே எழுத ஆரம்பித்தாள்.

குடிநீர்த் துறையின் முதல் பெயர் அவளுடைய தங்கை வீட்டுக்காரர், பம்பு மெக்கானிக். 'நெட்டை' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுதும்போது ஒரு பெருமைகூட வந்தது. மருத்துவமனைப் பட்டியலில் ஜெனரேட்டருக்கு ஆள் யார் என்று கேட்டாள். நெட்டை. சாலைத் துறையில் தண்ணீர் இறைக்க? நெட்டை. பள்ளிக்கூடங்களை முகாமாக மாற்றினால் அங்கே மோட்டாருக்கு? அவரேதான். மின்துறை லைன்மேன் மூன்று பட்டியலில் இருந்தார். ஜீப் டிரைவர் ஒருவர் ஐந்தில். ஏழாவது துறைக்குப் புதிதாக ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

எண்ணிப் பார்த்தாள். பதினைந்து பேர். திரும்பவும் எண்ணினாள். இந்தத் தடவையும் ஒருவர்கூடக் கூடவில்லை.

நெட்டையைக் கூப்பிட்டாள். "மாப்ளே, உங்க பேரு நாலு இடத்துல இருக்கு."

"அதைத்தான் அண்ணி போன மழையிலேயே உங்ககிட்ட சொன்னேன். நாலு பேரும் ஒரே நேரத்துல கூப்பிடறாங்கன்னு. 'உங்களுக்குக் கிராக்கி கூடிப்போச்சு மாப்ளே'ன்னு சிரிச்சீங்களே."

சிரித்தது நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மருத்துவமனை ஜெனரேட்டரையும் குடிநீர் நிலையத்தையும் காக்க ஏழு பேராவது இங்கே இருந்தாக வேண்டும். மிச்சம் எட்டு.

இயக்குநரிடம் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

"அந்த எண்ணை நான் அமைச்சர்கிட்ட சொல்லிட்டேனேம்மா."

"எட்டு பேர்தான் சார் இருக்காங்க."

"எட்டு பேரை அனுப்புங்க. உத்தரவுல 'முதல் கட்டம்'னு போடுங்க. அவ்வளவுதான், இதைப் பெரிசு பண்ணாதீங்க."

அழகான வார்த்தை, முதல் கட்டம். அதைப் போட்டால் யாரும் பொய் சொன்னதாக ஆகாது. இரண்டாம் கட்டம் வரவில்லையே என்று கேட்பவனுக்குப் பதில் சொல்ல நாளைக்கு வேறு யாராவது இருப்பார்கள். அவள் தட்டச்சு செய்தாள். எட்டு பேரும் பேருந்தில் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஐம்பது இருக்கை வண்டியில் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ஜெனரேட்டரை லைன்மேனிடம் ஒப்படைத்துவிட்டு ஏறிய நெட்டை கையாட்டினார். அவளால் பதிலுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. தென்கரையில் அந்த நாலு தெருக்காரர்கள், யாரோ வருகிறார்கள் என்ற நம்பிக்கையில் இந்நேரம் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள்.

போனை எடுத்தாள்.

"தம்பி, எட்டு பேர்தான் வர்றாங்க."

"சரிக்கா. மீதி பன்னிரண்டு பேர் எப்ப வருவாங்க?"

"அவங்க இல்லப்பா. எப்பவுமே இருந்ததில்ல. ஒரே ஆளை நாலு துறையும் எழுதியிருக்கு. பேரைக் கேக்காம நான் கூட்டிட்டேன். தப்பு என்னோடது."

அவர் கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காகிதங்களைப் புரட்டும் சத்தம்தான் கேட்டது.

"தம்பி, கேக்குதா?"

"அக்கா... வடகரைக்கு முப்பத்தாறு பேரை அனுப்பினேன்னு சொன்னேன்ல. நானும் ஆறு துறைக்கும் தலா ஆறு பேர்னுதான் சொல்லி அனுப்பினேன். நேர்ல பாக்கல. பேர் கேக்கல."

அந்தப் பக்கம் அவர் இன்னொரு போனில் யாரையோ அதட்டுவது கேட்டது. கரையில் நிற்பவர்களை எண்ணிச் சொல்லச் சொன்னார். காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள்.

"பதினொண்ணு" என்றார் அவர் திரும்பி வந்து.

"கரையை விடுங்க தம்பி. ரெண்டு கரையையும் விட்டுடுங்க. ஜனங்களை இப்பவே வெளியேத்துங்க, தண்ணி ஏறறதுக்குள்ள."

"யாரை வெச்சு வெளியேத்தறது அக்கா?"