ஷார்ஜாவிலிருந்து வந்த கேசட்

தொண்ணூற்றாறாம் வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்து பத்து நாளிருக்கும். ஷார்ஜாவிலிருந்து ஊர் வந்த ஒருவரிடம் நெய்னா முகம்மது கேசட் கொடுத்தனுப்பியிருந்தார். கடிதம் எழுத அலுப்பு. மூன்று வருஷமாக இப்படிப் பேசித்தான் அனுப்புவார். அதிராம்பட்டினத்து வீட்டில் அவருடைய உம்மா, தங்கை ரிஃப்கா, மனைவி கமருன்னிஸா மூவரும் டேப்ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

குரலில் வழக்கமான சிரிப்பில்லை. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார், போட்டோவில் மட்டுமே பார்த்த மகள் நஜ்மாவிடம்கூட. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடுவீடாகப் போய்க் கேட்பதுபோல் இருந்தது. பிள்ளைக்கு மார்க்கப் பற்று கூடிவிட்டதென்று கமருன்னிஸாவின் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகளுக்கு அப்படித் தோன்றவில்லை. தூங்கிப் பல நாளாயிற்று என்றும், அறையில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றும் அவர் நடுவில் சொல்லியிருந்தார். அவர் இதைப் பேசிப் பதிவு செய்து பதினோரு நாளாகியிருந்தது.

உடனே போன் செய்யப் போகிறேன் என்றாள். மாமி கையைப் பிடித்துக்கொண்டார். ரிஃப்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

“புத்தி பேதலிச்ச வீடுன்னு பேராயிடும் கமரு. ரெண்டு நாள் பொறு.”

“அதுக்குள்ள அவங்க இல்லாமப் போயிட்டா என்ன செய்வீங்க மாமி?”

மாமி கையை விட்டார்.

ஷார்ஜாவில் நெய்னாவின் அறைக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஷேக் பரீத், அவளுக்கு அண்ணன் முறை. உள்ளூரிலிருந்த அவர் வீட்டில் நம்பர் வாங்கிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். கதவு சரியாக மூடாத கூண்டு. வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். ஊருக்கே கேட்கும் என்று தெரிந்தும் மறைக்காமல் சொன்னாள்.

“காக்கா, அவங்க ஏதாவது பண்ணிக்குவாங்களோன்னு பயமா இருக்கு. இப்பவே போய்ப் பாருங்க. தனியா விட்டுடாதீங்க.”

பார்த்துவிட்டுத் தானே கூப்பிடுவதாக அவர் பூத்தின் நம்பரை வாங்கிக்கொண்டார். பூத்துக்காரர் ரெத்தினம் தன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, காத்திருந்தவர்களை அடுத்த தெரு பூத்துக்கு அனுப்பினார்.

போன் மணி அடிக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. நெய்னா ஐந்து நாளாக வேலைக்குப் போகவில்லையாம். வெகுநேரம் தட்டிய பிறகுதான் கதவைத் திறந்தாராம். இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லி ஷேக் பரீத் போனை அவரிடம் கொடுத்தார். ஊருக்கு வந்துவிடச் சொன்னாள்.

“வெறுங்கையோட எப்படி வர்றது?”

“வாங்க,” என்றாள். அதற்குமேல் அழுகை விடவில்லை.

மூன்று வாரத்தில் வந்தார். இது நோய்தான், மருந்தை நிறுத்தக் கூடாது என்று தஞ்சாவூரில் டாக்டர் சொன்னார். ரிஃப்காவின் சம்பந்தம் தட்டிப்போனது. மாமி திட்டவில்லை, கமருன்னிஸாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மகள் நெய்னாவிடம் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. கொல்லையைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். தன் புருஷன் திரும்பி வரவேயில்லை என்று சில நாள் அவளுக்குத் தோன்றும். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே நொந்துகொள்வாள்.

அதுவரை மாத்திரையை நினைவுபடுத்திக் கொடுத்தது அவள்தான். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் அவராகவே அடுப்படிக்கு வந்து நின்றார்.

“மாத்திரை ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு.”

நாளைக்கே போய் வாங்கலாம் என்றாள். தலையாட்டிவிட்டு, மறுபடியும் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்தார்.