வண்டி தாங்கும் எடை

வண்டிக்கடையில் லைல் அந்தக் கறுப்பு பிக்கப் வண்டியின் டயரை மறுபடியும் காலால் உதைத்துப் பார்த்தபோது ரேலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதைத்து என்னதான் தெரிந்துகொள்வார்களோ, இந்த ஆஸ்திரேலிய மலையூர் டூவும்பாவின் ஆம்பளைகளுக்கு வண்டி வாங்குவதென்றால் அது ஒரு சடங்கு. உதைக்கட்டும். போன வருஷம் இதே மாதம் பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து தைத்துப் போட்டிருந்த மனுஷன், இன்று தொந்தியும் தொப்பியுமாக வெயிலில் நிற்கிறான். அதற்கே அவள் காலமெல்லாம் கும்பிட வேண்டும்.

ஆனாலும் உள்ளே ஒரு முள் இருந்தது. நாற்பது வருஷமாக ஒவ்வொரு ஜூலையிலும் லைல் கூட்டாளிகளோடு பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவான். ஆளுக்கொரு டீசல் பிக்கப். பக்கத்து சீட்டில் நாய். ஒருத்தன் வண்டியை இன்னொருத்தன் தொடக்கூடாது. "நீயும் வாயேன் ரே" என்று ஒரு தடவை, வாய் வார்த்தைக்காவது கேட்டதில்லை. டாக்டர் தனியாகப் போகக்கூடாது என்று சொன்ன மறுவாரம்தான் கேட்டான். கூட்டிப்போவது பொண்டாட்டியையா, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு நர்ஸையா? அதைக் கேட்டுவிட அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் சொல்லித் தொலைப்பானே என்ற பயம்.

கடைப்பெண் டாலியா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். "கறுப்புதானா? உங்களப் பாத்தப்பவே தெரியும். ஆனா என்னென்ன ஏத்தப்போறீங்கன்னு சொல்லிடுங்க. அழகா இருக்கேன்னு வாங்கிட்டுப் போயி, பாதி வழியில அச்சு முறிஞ்சு நின்னு எனக்குப் போன் போடுறவங்க நெறைய."

லைல் மனப்பாடமாக ஒப்பித்தான். முன்னால் கங்காருத் தடுப்புக் கம்பி, பின்னால் கூண்டு, கூரைமேல் கூடாரம், ரெண்டாவது டீசல் டேங்க், தண்ணீர், ஐஸ்பெட்டி, நாய். "அப்புறம் ஓட்டுற ஆள். அவ்வளவுதான்."

நாய் கணக்கில் இருந்தது. அவள் இல்லை. ரேலீனுக்குக் காது மடல் சூடானது. பக்கத்திலிருந்த வெள்ளை வண்டியின் கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஓட்டுற ஆள் என்ன எடை?"

"அறுபத்திமூணு."

டாலியா அவன் தொந்தியைப் பார்த்தாள். "அறுபத்திமூணா? எந்தக் காலத்துல, பள்ளிக்கூடத்துல படிச்சப்பவா?"

"நானில்லம்மா. அவ." லைல் திரும்பாமலே கட்டைவிரலால் பின்னால் காட்டினான். "அவதான் ஓட்டப்போறா. இருபது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டுனவ. போன வருஷம் எனக்கு நெஞ்சு அடைச்ச அன்னிக்கு ஆலங்கட்டி மழை. ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னுட்டாங்க. என்னப் பின்சீட்டுல போட்டுக்கிட்டு அந்த மலையில பிரிஸ்பேனுக்கு எறங்குனா பாரு, ஒரு தடவ கூடத் தூக்கிப்போடல. எங்க கூட்டத்துல ஒருத்தனும் அப்படி ஓட்டமாட்டான். நானும் மாட்டேன்."

இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரோ ஒரு பெண்ணிடம், வண்டிக்கடையில், முதுகைக் காட்டிக்கொண்டு சொல்கிறான்.

"அப்ப நீங்க எங்க உக்காருவீங்க?" என்றாள் டாலியா.

லைல் விரல்விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தான். பக்கத்து சீட்டென்றால் நாய்க்கு என்றே கணக்குப் போட்டுப் பழகிய மூளை. அதில் தன்னையே விட்டுவிட்டிருந்தான்.

"கூரையில கட்டிட்டுப் போறேன்" என்றாள் ரேலீன்.

டாலியா கூட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டு பேர்னா கறுப்பு தாங்காது. வெள்ளை தாங்கும். பாக்க சுமார்தான். அடியில லாரிக்குப் போடுற பட்டை ஸ்பிரிங், மூட்டை சுமக்கப் பொறந்தது."

ஆறு மாதமாகக் கறுப்பின் படத்தைச் சமையலறையில் ஒட்டிவைத்திருந்தவன் அவன். "வெள்ளையோட சாவியக் குடு" என்றான்.

"லைல், கறுப்பையே எடுத்துக்க. எடை கொறைய கூடாரத்த வேணா விட்டுடலாம். நான் கீழயே படுத்துக்குவேன்."

"சும்மா ஏறு. நாப்பது வருஷம் அந்தப் பக்கம் போயிட்டு வந்தேன்னுதான் பேரு. ரோட்டத் தவிர என்னத்தக் கண்டேன்? நீ ஓட்டு. நான் பாத்துக்கிட்டு வர்றேன்."

அவள் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கடவுளே, இந்த மனுஷனைத் திருப்பிக் கொடுத்தாயே என்று நினைத்தாள். வண்டி மலைச்சரிவை நோக்கித் திரும்பியது. சாலையோரம் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன.

"இந்த மரமெல்லாம் எப்ப வச்சாங்க?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு."

லைல் ஜன்னலை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டான். ஒவ்வொரு வளைவிலும் அவன் வலதுகால் மட்டும், இல்லாத பிரேக்கைத் தேடி காலடி விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. ரேலீன் அதைப் பார்த்தாள். அவன் கால் அழுத்தும்போதெல்லாம் தானும் லேசாக பிரேக்கைத் தொட்டாள்.