பனிமூட்டத்தில் ஒரு மைக்

அவள் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசி அந்த மலையூரில் யாரும் கேட்டதில்லை. உச்சிக்குப் போகும் ரோப் காரின் டிக்கெட் கவுன்டரில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். "எத்தனை பேரு?", "சில்லறை இருக்கா?", "அடுத்தவங்க வாங்க." இந்த மூன்றைத் தாண்டமாட்டாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு 'சைலன்ட் மோடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொன்னதில்லை, பெயருக்கு ஏற்றபடி.

வீட்டிலும் அதே கதைதான். அங்கே காரணம் வேறு. அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பல் தேய்க்கும்போது நுரையோடு ஆரம்பிக்கிற பேச்சு, விளக்கை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நுழைய இண்டு இடுக்கு கிடைக்காது. "அண்ணன் பேச்சுல கமா உண்டு, புள்ளி கிடையாது" என்பாள் அவள் நாத்தனார். நாத்தனார் அரசு மருத்துவமனையில் நர்ஸ்.

குளிர் விட்டு, சரிவுகளில் புல் பச்சை பிடித்து, மஞ்சள் பூக்கள் தலைகாட்டியதும் ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக மைதானத்தில் கூடி ஒரு நாள் முழுக்க விளையாடுவார்கள். வருஷா வருஷம் மைக் பிடித்து வர்ணனை செய்வது மாஸ்டர்தான். இந்த வருஷம் அதற்காக மூன்று நாள் மொட்டை மாடியில் நின்று, வாடைக் காற்றில் அடித்தொண்டையிலிருந்து ஒத்திகை பார்த்தார். விழா அன்று காலையில் எழுந்து வாயைத் திறந்தால் வெறும் காத்துதான் வந்தது.

நாத்தனார் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தாள். "அண்ணே, இன்னைக்கு ஒரு வார்த்தை பேசினாலும் ஒரு மாசத்துக்குப் பேச முடியாது. அப்புறம் உன் இஷ்டம்."

மாஸ்டர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார்: 'அப்ப மைக்?'

"அம்மா பேசட்டும்" என்றாள் ஒன்பது வயது மகள். வீட்டில் அவள் பெயர் வாலு. சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நாத்தனாரும் சிரித்தாள். மாஸ்டரின் முகம் மட்டும், பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைக்காத பிள்ளையின் முகம் போலத் தொங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"எழுதிக் குடுங்க. வாசிக்கிறேன்" என்றாள்.

மைதானத்தில் மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு மேல் சீட்டாக எழுதித் தள்ளினார். அவளும் வாசித்தாள். "உற்சாகம் பொங்கும் குடும்பங்களே. விண்ணைப் பிளக்கும் கரவொலி எழுப்புங்கள்." டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற அதே குரல். ஜனங்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எலுமிச்சம்பழமும் ஸ்பூனும் வைத்த ஓட்டத்தில்தான் அந்தச் சங்கதி நடந்தது. ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், கையில் இருந்த சீட்டை மறந்துவிட்டாள்.

"பல் டாக்டர் முதல்ல வர்றார். பழத்த கட்டைவிரலால அமுக்கிப் பிடிச்சிருக்கார். டாக்டர், விரலை எடுங்க. வலிக்காது."

மைதானமே கொல்லென்று சிரித்தது. பழம் உருண்டது. டாக்டரும் சிரித்தபடி அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தச் சிரிப்பெல்லாம் தன்னாலா? அடுத்த ஓட்டத்துக்கு அவள் சீட்டைக் கேட்கவில்லை. எழுதி முடித்திருந்த பதினோரு சீட்டுகளை மாஸ்டர் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புதையல் வேட்டை. மைதானத்துக்கு மேலே உள்ள புல்சரிவில், புதர்களுக்குள் கட்டியிருக்கிற பத்து வண்ண ரிப்பன்களைக் கண்டுபிடிக்க வேண்டும். இருபத்தாறு குடும்பங்கள் ஏறின. பதினேழாம் எண் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாலுவும் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அரைமணி கூட ஆகவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் மேலேறியது. முதலில் கீழே இருந்த கூரைகள் மறைந்தன. பிறகு சாலை. பிறகு சரிவு முழுக்க வெள்ளை. பத்தடி தள்ளி நின்ற பரிசு மேஜை கூடத் தெரியவில்லை.

விழாக் கமிட்டித் தலைவரான மருந்துக்கடைக்காரர் பாட்டுப் போடச் சொன்னார். சத்தம் கேட்டு இறங்கி வந்துவிடுவார்களாம். விழாவுக்கு வந்திருந்த வனக்காவலர் கூடாது என்று தலையை ஆட்டினார்.

"பாட்டுக் கேட்டா இன்னும் விளையாட்டு நடக்குதுன்னு மேலேயே தேடிட்டு இருப்பாங்க. அந்தப் பக்கம் ஓடைப் பள்ளம் இருக்கு சார். யாராவது விடாம பேசணும். குரல் வர்ற திசையப் பார்த்து எறங்கட்டும். நான் பசங்களக் கூட்டிட்டுப் பள்ளத்துப் பக்கம் போய் நிக்கிறேன்."

மருந்துக்கடைக்காரர் மைக்கை வாங்கினார். "அனைவரும் பத்திரமாக இறங்கி வருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. மைக் மறுபடி அவள் கைக்கே வந்தது.

மேலே இருப்பது இருபத்தாறு குடும்பம். அதில் ஒன்று அவளுடையது. என்ன பேசுவது? வீட்டில் மாஸ்டர் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது தான் பின்னால் நின்று சொல்வது நினைவுக்கு வந்தது.

"வாங்க... வாங்க... நேரா வாங்க. அவசரமில்ல. கொஞ்சம் கொஞ்சமா வாங்க. புள்ளைங்க கைய விடாதீங்க. பள்ளத்துப் பக்கம் போகாதீங்க. வாங்க..."

ஐந்து நிமிஷத்தில் நாலு குடும்பம் வந்தது. மருந்துக்கடைக்காரர் பட்டியலில் டிக் அடித்தார். ஆனால் அவளுக்குச் சொன்னதையே சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. குரல் தேய்ந்து நின்றது. அந்த ஒரு நொடி அமைதியில், மேலே எங்கோ ஒரு குழந்தை அழுவது கேட்டது.

அப்போது அவள் முன்னால் ஒரு சீட்டு நீண்டது. மாஸ்டரின் கையெழுத்து: 'அலமாரி கதையைச் சொல்லு.'

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தக் கதை வெளியே போகக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தவர் அவர்தான். அவர் கண் கலங்கியிருந்தது. சொல்லு சொல்லு என்று கையை ஆட்டினார்.

"ஒரு கதை சொல்றேன். கேட்டுக்கிட்டே எறங்குங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர் போன வருஷம் ஒரு அலமாரி வாங்கினார். தனித்தனிப் பலகையா வந்துச்சு. ஆள் வேணாம், நானே மாட்டுறேன்னார். ரூமுக்குள்ள வச்சு நாலு மணி நேரம் மாட்டினார். ரொம்ப நல்லா மாட்டினார். மாட்டி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சது, அலமாரி ரூம் கதவ மறிச்சுக்கிட்டு நிக்குது. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. நாங்க மூணு பேரும் உள்ள."

மூட்டத்துக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அருகில் வந்து, எட்டாம் எண் குடும்பமாக மாறியது.

"சரி, நகர்த்திடலாம்ல? முடியாது. சுவத்துல போல்ட் போட்டு இறுக்கிட்டார். ஸ்பேனர் எங்கன்னு கேட்டேன். அலமாரிக்குப் பின்னாடி இருக்குன்னார்..."

அடுத்த சீட்டு வந்தது: 'பிஸ்கட்.' டயட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, பயிற்சிக் காரின் டாஷ்போர்டுக்குள் மாஸ்டர் பிஸ்கட் பதுக்கி வைத்த கதை. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவரோடு எறும்புப் படையும் கற்றுக்கொண்ட கதை. அடுத்தது: 'ரிவர்ஸ்.' ஊருக்கே ரிவர்ஸ் சொல்லித் தருகிறவர், சொந்த வீட்டுச் சுவரை இரண்டு முறை இடித்த கதை. மாஸ்டர் எழுதிக்கொண்டே இருந்தார். கல்யாணமாகிப் பதினாலு வருஷமாகக் கட்டிக் காத்த மானத்தைச் சீட்டுச் சீட்டாகக் கிழித்துக் கொடுத்தார். அவள் அத்தனையையும் சொன்னாள். பதினாலு வருஷம் நுழைய முடியாமல் காத்திருந்த பேச்செல்லாம் மடை திறந்ததுபோல் வந்தது. சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள் ஜனங்கள். அழுத குழந்தை அப்பாவின் தோளில் விக்கலோடு சிரித்தது.

இருபத்தைந்து டிக் ஆனது. பதினேழு மட்டும் வரவில்லை.

மாஸ்டரின் பேனா நின்றுவிட்டது. அவள் குரலை விடவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. எங்க வீட்டு முகம் பார்க்கிற கண்ணாடி உடைஞ்ச கதை. பந்து விளையாடி உடைச்சது எங்க மக வாலு. நான் கேட்டா பூனை மேல பழியப் போட்டா. எங்க வீட்டுல பூனையே கிடையாது. அப்படி ஒரு பொய்..."

"அம்மா! நான் இல்ல! அப்பாதான் உடைச்சார்! பூனைன்னு சொல்லச் சொன்னதும் அவர்தான்!"

மூட்டம் கிழிந்து, கோபத்தில் மூக்கு சிவக்க ஓடி வந்தாள் வாலு. பின்னால் ஒரு செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு நாத்தனார்.

"செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு அண்ணி. குனிஞ்சு தேடி நிமிர்ந்தா எந்தப் பக்கமும் தெரியல. அலமாரி கதைதான் வழி காட்டுச்சு. கேட்டுக்கிட்டே வந்தோம். ஏண்ணே, இவ்வளவும் நடந்திருக்கு, என்கிட்ட ஒண்ணு கூட சொல்லலியே?"

மாஸ்டர் மகளைத் தூக்கிக்கொண்டு சத்தமே வராமல் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

பத்து ரிப்பனையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே பரிசுக்கு வைத்திருந்த கேக்கை எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார்கள். வனக்காவலர் தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்பேனர் கடைசியில் எப்படிக் கிடைத்தது என்று மாஸ்டரை மடக்கி மடக்கிக் கேட்டார். மாஸ்டர் மனைவியைக் கை காட்டினார்.

அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூலில் ஏழு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். "சுவத்துல இடிச்ச அனுபவம் உள்ளவர்கிட்ட கத்துக்கிட்டா நமக்குப் பயம் போயிடும்" என்றார் ஒருவர். ரோப் கார் கவுன்டரில்தான் தகராறு. டிக்கெட் வாங்கியவர்கள் நகராமல் நின்று பேச்சுக் கொடுத்தார்கள். அவளும் விடவில்லை. வரிசை வாசல் தாண்டிச் சாலை வரை போனது. மேலாளர் வந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார்.

"இருங்க சார், பாதிக் கதையில விட முடியாது" என்றாள் அவள்.