ஊக்க அறையின் பூட்டு

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கல்லூரியில் மாணவர்களுக்குப் படிப்பில் ஊக்கம் குறைந்துவிட்டதாம். முதல்வர் ராஜாராம்தான் கண்டுபிடித்தார். ஒரு வருடமாக ஆளில்லாத இரண்டு ஆசிரியர் நாற்காலிகள் அவர் கண்ணில் படவில்லை. வெறும் சுவர்தான் குற்றவாளி என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

நூலகத்தின் பின்னறை மாட்டிக்கொண்டது. கரும்பலகையும் நாலு பெஞ்சும் கிடந்த அந்த அறையில்தான் எம்.எஸ்சி. கணக்குப் படிக்கும் சோபியா, ஆறு மணி பஸ் வரும்வரை உட்கார்ந்து படிப்பாள். வீட்டில் ஒரே அறை. ஐந்து பேர், ஒரு டிவி. போன பருவத்தில் கோட்டைவிட்ட தாளை இந்தப் பருவத்தில் மறுபடி எழுத வேண்டும். இதிலும் போனால் படிப்பை நிறுத்தி, ஒரகடம் கம்பெனி வேலைக்கு வேனில் ஏற்றிவிடுவதாக அம்மா சொல்லிவிட்டாள்.

சென்னையிலிருந்து ஓவியர்கள் வந்தார்கள். கரும்பலகை கழன்றது. ஒரு சுவரில் குடவோலைப் பானை, இன்னொன்றில் புத்தகம் படிக்கும் பெண், கூரையில் மேகம். பெஞ்சு போய், உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் தேவைப்படும் மெத்தை மூட்டைகள் வந்தன. வாசலில் ‘ஊக்க அறை’ என்று பலகை. அதற்குக் கீழே பெரிய பூட்டு. ஆய்வுக்குழு வரும்வரை பெயின்டில் கை படக்கூடாதாம்.

"பூட்டிக்கினே கெடந்தா எப்பிடிண்ணா ஊக்கம் வரும்?" என்று அலுவலக உதவியாளர் வேதகிரியிடம் கேட்டாள் சோபியா.

"என்னக் கேட்டா? பெயின்ட் கெடாம கீதான்னு பாக்கறதுதாம்மா என் வேல."

மூன்று வாரத்தில் ஒரு படிவமும் வந்தது. புதிய அறையால் உங்கள் ஊக்கம் எவ்வளவு கூடியது? ‘அதிகம்’, ‘மிக அதிகம்’ என்று இரண்டே கட்டம். உள்ளே கால் வைக்காத வகுப்பு முழுக்க ‘மிக அதிகம்’ போட்டுக் கொடுத்தது. சோபியாவும் போட்டாள். நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மீதே எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. திங்களன்று சோபியாவுக்குத் தேர்வு. பார்வைக்காக அவளை ஒரு மூட்டையில் உட்காரவைத்து, கையில் ஏதோ கதைப்புத்தகத்தைத் திணித்தார்கள். குழுத் தலைவி மேகத்தை அண்ணாந்து பார்த்துச் சொக்கிப்போனார்.

"ஸ்டூடண்ட்ஸ் எப்ப வேணா வரலாமா சார்?"

"எப்பவும் திறந்தேதான் இருக்கும் மேடம்," என்றார் ராஜாராம், கூசாமல்.

குழு பிரியாணிக்குப் போனது. வேதகிரி பூட்டோடு வந்து நின்றார். சோபியா கதைப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்த கணக்கு நோட்டை எடுத்து மடியில் விரித்தாள்.

"எயிந்திரும்மா, சார் திட்டுவாரு."

"எப்பவும் தெறந்தே இருக்கும்னு அவருதானண்ணா சொன்னாரு?"

ராஜாராமே ஓடிவந்தார். குழுவின் கார் வாசலிலேயே நின்றதால் கத்த முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை ஆட்டினார். அவள் நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. பிரியாணி நன்றாக இருந்திருக்க வேண்டும். மூன்று கணக்கு முடிந்தது.

பிறகு கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வேதகிரி தயங்கித் தயங்கிக் கதவை இழுத்தார்.

"பூட்டிக்கோங்கண்ணா," என்றாள் சோபியா, அடுத்த பக்கத்தைத் திருப்பியபடி. "நான் உள்ளாறவே கீறேன். ஆறு மணி பஸ்ஸுக்கு மட்டும் தெறந்து வுடுங்க."