பூட்டி வைத்த சட்டி

இடைவேளை மணி அடித்து, டீச்சர் ஓய்வறையிலிருந்து வெளியே வந்தபோது மாணவிகளின் கழிப்பறை வாசலில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. "முன்னாடியிருந்து நாலாவது இடம்! ரெண்டு கணக்கு போட்டுத் தர்றவங்க வாங்க!" என்று கையைத் தூக்கிக் கூவியவள் வேறு யாருமில்லை, அவருடைய பதினோராம் வகுப்பின் தலைவியேதான். எங்கே நின்றாலும் நாலு பேரை ஏவி வேலை வாங்குவதால் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். சுவரோரம் ஒற்றைக் காலில் நின்று நெளிந்துகொண்டிருந்த ஒருத்தி, "மூணு கணக்குகூடப் போட்டுத் தரேன், என்னை முதல்ல விடுடி" என்று கெஞ்சினாள். வரிசையின் முதல் பத்து இடங்களில் நின்றவர்களுக்கு உள்ளே போகும் அவசரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. விற்பதற்காகவே இடம் பிடித்தவர்கள் அவர்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது யார் என்று டீச்சர் தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்த கேள்விதான்.

டீச்சர் உண்மையில் வரலாற்று டீச்சர். பொருளாதாரம் நடத்திய அம்மாள் பிரசவ விடுப்பில் போனதும் தலைமையாசிரியை இவரைக் கூப்பிட்டு, "வரலாறும் பொருளாதாரமும் அக்கா தங்கச்சி மாதிரிதானே, நீங்களே பாத்துக்கோங்க" என்று புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டார். அக்கா தங்கச்சிதான், ஆனால் பாகப் பிரிவினைக்குப் பிறகு பேசிக்கொள்ளாத அக்கா தங்கச்சி என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பல வருடங்களாகத் தற்காலிகப் பணியிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர் எப்படிச் சொல்வார்? இந்த வருடக் கடைசியில் நிரந்தரப் பணிக்கு ஒரே ஒரு பெயரை அனுப்பலாம். அனுப்பப்போகிறவர் தலைமையாசிரியை. எனவே டீச்சர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றார்.

முதல் பாடமே காலை வாரிவிட்டது. 'மனிதனின் விருப்பங்கள் எல்லையற்றவை, வளங்களோ குறைவானவை' என்று வாசித்தால் நாற்பது முகங்களும் சுவரைப் போல இருந்தன. பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் புத்தகத்தை மூடினார். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? சட்டியில கொஞ்சம்தான் இருக்கு, அகப்பையோட நிக்கிறவங்க நிறைய. அதுதான் பற்றாக்குறை. யாருக்கு எவ்வளவுன்னு முடிவு பண்ற விதம்தான் பொருளாதார அமைப்பு. போதுமா?" வகுப்பு சிரித்தது, புரிந்தது. அந்தப் பெருமையில்தான் ஆழம் தெரியாமல் காலை விட்டார். பள்ளிக்கூடத்தில் போதாமல் இருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்து, ஒரு வாரம் மரபுப்படியும், ஒரு வாரம் திட்டம் போட்டும், ஒரு வாரம் சந்தை முறையிலும் பங்கிட்டுப் பாருங்கள் என்று செய்முறை வேலை கொடுத்தார். ஓடுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே இருக்கும் பெஞ்சை எடுப்பார்கள் என்று நினைத்தார். கழுதைகள் கழிப்பறையை எடுத்துக்கொண்டன.

எடுத்ததில் தப்பும் சொல்ல முடியாது. ஆறு கதவுகளில் நாலு கதவுகள் பழுதாகி, ஆணி அடித்து மூடிக் கிடந்தன. மிச்சம் இரண்டில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு சின்ன இடைவேளைக்குள் போய்வர வேண்டும். மரபு வாரத்தில் வழக்கம்போல மூத்தவர்களுக்கே முதலிடம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் கதவைத் தொடாமலேயே திரும்பினார்கள், ஒருத்தி அழுதுகொண்டே திரும்பினாள். திட்ட வாரத்தில் மேஸ்திரி ஆளுக்கொரு நேரம் குறித்துச் சுவரில் ஒட்டினாள். "வயித்துக்கு எப்படி டைம்டேபிள் தெரியும் டீச்சர்?" என்று ஒருத்தி முறையிட்டபோது, மேஸ்திரி கொஞ்சமும் அசையாமல், "திட்டம் சரியாத்தான் டீச்சர் இருக்கு. பிள்ளைங்கதான் சரியில்ல" என்றாள். வரலாற்றில் இதே வாக்கியத்தைப் பலமுறை கேட்டிருந்த டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. இப்போது சந்தை வாரம். பாதி வகுப்பின் கணக்கு வீட்டுப்பாடம் ஒரே கையெழுத்தில் வந்து சேர, கணக்கு டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வாரமும் எதிலும் சேராதவள் ஒருத்திதான். எந்தக் கேள்வியையும் "ஆனா" என்று ஆரம்பிப்பதால் வகுப்பே அவளை ஆனா என்றுதான் கூப்பிட்டது. ஜன்னலோரம் உட்காருவாள். மேசைமேல் பெரிய நீல நிறத் தண்ணீர் பாட்டில், கழுத்து வரை நிறைந்து, எப்போதும் அப்படியே இருக்கும். "நீ மட்டும் ஏன் கலந்துக்கல?" என்று டீச்சர் கேட்டதற்கு, "எனக்குத் தேவையில்ல டீச்சர். நான் ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறதில்ல" என்றாள், காபி குடிப்பதில்லை என்று சொல்கிறவள் போல. சோம்பேறித்தனத்துக்கு என்ன அழகான சாக்கு என்று டீச்சர் எரிச்சலோடு இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

ஏலத்தை நிறுத்திவிட்டு வகுப்புக்குள் வந்து, மூன்று அமைப்புகளில் எது நல்லது என்று கேட்டார் டீச்சர். ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில் ஜன்னலோரத்துக் கை உயர்ந்தது.

"ஆனா டீச்சர், மாடியில ஒண்ணு இருக்கே? விருந்தாளிங்களுக்குன்னு. எப்பவும் பூட்டியே இருக்கே, அது எந்த அமைப்புல வரும்?"

"அது கணக்குல வராது. இல்லாததைத்தான் பற்றாக்குறைன்னு சொல்றோம்."

"ஆனா சட்டியில இருக்கு டீச்சர். சட்டியைத்தான் பூட்டி வெச்சிருக்காங்க."

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார், அதில் என்ன இருக்கப்போகிறது. "பாடத்துல இல்லாததைக் கேக்காதே. உட்காரு" என்றார். சொன்ன வேகத்திலேயே தன்மேல் கோபம் வந்தது. ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு. இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் வரிசையில் நின்றதில்லை, நிற்கிறவர்களைப் பற்றி நினைத்ததுமில்லை. மறுநாள் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும். கேள்வி கேட்கிறவள் வராததில் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது என்பதை டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் தலைமையாசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது. "பாடம் நடத்தச் சொன்னா சந்தை நடத்துறீங்களே டீச்சர்! கணக்கு டீச்சர் வந்து அழாத குறை. இதோட நிறுத்துங்க. புத்தகத்துல இருக்கறதை எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க." அவருடைய நாற்காலிக்குப் பின்னால், சுவரில் அடித்த ஆணியில், சிவப்பு ரிப்பன் கட்டிய சாவி ஒன்று தொங்கியது. டீச்சரின் கண் அங்கே போவதைத் தலைமையாசிரியை கவனித்தார்.

"தெரியும், அதைப் பத்தியும் பிள்ளைங்க பேசுறாங்களாம். எனக்கு மட்டும் ஆசையா? முன்னொரு தடவை ஆபீசர் வந்தப்ப அவருக்கு ஒதுங்க இடமில்ல. முகத்தைச் சுளிச்சுட்டுப் போனவர்தான், அஞ்சு பைசா வரல. அந்த ஒரு ரூம் பளபளன்னு இருந்தாத்தான் அடுத்த தடவை வர்றவர் கையெழுத்துப் போடுவார். அந்தப் பணம் வந்தாத்தான் கீழ இருக்கிற நாலு கதவையும் திறக்க முடியும். இது உங்க பொருளாதாரத்துல இல்லையா?"

இருந்தது. இன்றைய நுகர்வைத் தள்ளிப்போட்டு நாளைக்குச் சேர்ப்பது மூலதனம் என்று ஏழாம் பக்கத்திலேயே இருந்தது. டீச்சரை எரிச்சல்படுத்தியதே அதுதான். வில்லியாக இருந்து தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இந்த மனுஷி சொல்வதிலோ நியாயம் இருந்தது, அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்?

அப்போது கதவருகே, "உள்ள வரலாங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்கார அம்மாள், தைத்துக்கொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். பின்னால், முகம் வெளுத்துப்போய், நீல பாட்டிலை அணைத்தபடி ஆனா நின்றாள்.

"இவ லீவு போட்டதுக்குச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேங்க. காய்ச்சல், அடிவயித்துல வலி, ஒண்ணுக்குப் போறப்ப எல்லாம் அழறா. தண்ணியே குடிக்கிறதில்லையான்னு டாக்டர் என்னைத்தான் திட்டினார். நான் தினமும் பாட்டில்ல ரொப்பித்தாங்க அனுப்புறேன். சாயங்காலம் ரொம்பினபடியே திரும்பி வருது. ஸ்கூல் தண்ணியைக் குடிச்சுக்கிறாளாக்கும்னு நினைச்சு செடிக்கு ஊத்திட்டு இருந்தேன்."

"காலையில வீட்டுலயே போகச் சொல்லி அனுப்புங்கம்மா" என்றார் தலைமையாசிரியை, கொஞ்சம் இறங்கிய குரலில்.

"விடிஞ்சதும் கிளம்புற பிள்ளைங்க. பொழுது சாயறப்பதான் வருது. நீங்க அதுவரைக்கும் அடக்கிட்டு இருப்பீங்களாம்மா?"

அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. டீச்சருக்குத்தான் காது மடல்கள் எரிந்தன. குறைத்த இரண்டு மதிப்பெண் நினைவுக்கு வந்தது. புத்தகத்தின்மேல் கோபம், தலைமையாசிரியையின்மேல் கோபம், வாயைத் திறந்து சொல்லாமல் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைந்த இந்தப் பெண்ணின்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். எழுந்து நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

"டீச்சர், வெச்சிடுங்க அதை. யார் பேரை அனுப்பணும்னு நான் இன்னும் எழுதல."

"தெரியும் மேடம்" என்றார் டீச்சர். ஆனாவின் தோளைப் பிடித்து நடத்திப் போனார்.

மாடிக் கதவின் பூட்டு முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. உள்ளே உறை பிரிக்காத சோப்பு, மடிப்புக் கலையாத துண்டு, யாருடைய முகத்தையும் பார்க்காத கண்ணாடி. குழாயைத் திறந்தார். இருமிவிட்டுத் தண்ணீர் வந்தது. டீச்சர் வெளியே வருவதற்கும் இடைவேளை மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. செய்தி எப்படித்தான் பரவுமோ, படியெல்லாம் காலடிச் சத்தம், முதல் ஆளாக மேஸ்திரி.

"டீச்சர், யார் முதல்ல? எந்த அமைப்புல விடறது?"

"ஒரு அமைப்பும் வேண்டாம். வாயை மூடிட்டு நில்லுங்க எல்லாரும்."

ஆச்சரியமாக, நின்றார்கள். யாரும் சொல்லாமலே ஆனாவுக்கு வழி விட்டார்கள். அவள் போகவில்லை. முழங்கைக்குக் கீழே முண்டிக்கொண்டு வந்த ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்றை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, கதவையும் டீச்சர் கையிலிருந்த சிவப்பு ரிப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆனா டீச்சர், நாளைக்கும் திறந்திருக்குமா?"

கீழே படிக்கட்டில் தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் கேட்டது. வேகமில்லாமல், ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் திரும்பவில்லை. சாவி உள்ளங்கையில் அழுந்த விரல்களை மூடிக்கொண்டார்.

"திறந்திருக்கும். குடிச்சுத் தொலை."

ஆனா பாட்டில் மூடியைத் திருகினாள். அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, மூச்சு விடாமல் குடித்தாள். கழுத்து வரை இருந்த தண்ணீர் பாதிக்கு இறங்கி, பாதிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.